தேதி இல்லாத பக்கம்

எங்கள் கடையில் தராசு கிடையாது,
கத்தரிக்கோல்தான்.

தண்டையார்பேட்டை மார்க்கெட்டை ஒட்டி
எட்டுக்கு ஐந்தடி.
காலை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கினால்
ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி
முதல் வாடிக்கையாளராக வந்து உட்காரும்.
இருமுகிறவர்கள் அதற்கப்புறம்.

"அஞ்சு மட்டும் குடு தம்பி."
"ரெண்டு நாளைக்குப் போதும்."
"இன்னிக்கி ராவு தூங்கினா சரி, அப்பால பாத்துக்கலாம்."
முழு அட்டை கேட்பவர்கள்
மாதத்தின் முதல் வாரத்தோடு சரி.
பத்தாம் தேதிக்கு மேல்
விரலில் வளையம் பதிந்துவிடும்.

வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு.
எக்ஸ்பயரி அச்சடித்த முனையைக்
கடையில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.
தேதி இல்லாத பக்கம்தான்
வாங்குகிறவருக்கு.

கூடைக்காரத் தேசம்மாவுக்குச் சர்க்கரை.
காசிமேட்டில் வஞ்சிரம் கிடைத்தால் ரெண்டு வேளை,
வெறும் நெத்திலி என்றால் ஒரு வேளை.
தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
ஒன்றுவிட்டு ஒரு நாள்.
தடை விசைப்படகுக்குத்தான் என்று
அவள் ரத்தத்துக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஸ்டான்லியில் சும்மா தருவார்களே என்றேன்.
"மாத்தரைக்கு இன்னா கண்ணு, துட்டே இல்ல.
நாளுக்குத்தான் துட்டு."
சீட்டுக்கு ஒரு வரிசை, ரத்தத்துக்கு ஒன்று,
மருந்துக்கு ஒன்று.
வெயில் ஏறுமுன் விற்காத மீனை
எந்த வரிசை வாங்கிக்கொள்ளும்?

ரியாசுக்கு மூன்று வாரமாய் இருமல்.
சிரப்பைத் திருப்பித் தந்துவிட்டு
முகத்துக்கு வெள்ளை க்ரீம் வாங்கிப் போனான்.
விலைகூடக் கேட்கவில்லை.
முதலாளி சிரித்தார். எனக்கு வரவில்லை.
மறுநாள் அவனுக்கு அண்ணா சாலையில்
ஏசி ஷோரூமில் இன்டர்வியூ.
நுரையீரலை யார் பார்க்கப் போகிறார்கள்.

நான் பயப்படுவது ஒரு கேள்விக்கு.
ஐந்து மருந்து எழுதிய சீட்டை நீட்டி
அதன்மேல் ஓர் இருநூறு ரூபாய்த் தாளை வைத்து
"இதுல எது ரொம்ப முக்கியம்?" என்பார்கள்.
எழுதியவருக்கு எத்தனையோ வருடப் படிப்பு.
எனக்கு ஒரு டிப்ளமோ, அதிலும் ஓர் அரியர்.
விரல் வைத்துச் சொல்ல வேண்டியது நான்.

நவம்பரில் கன்னியப்பன் அப்படித்தான் நின்றார்.
டிரெய்லர் ஓட்டுகிறவர்.
எண்ணூர் நெடுஞ்சாலை வரிசையில் இரவெல்லாம் நின்று
நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருந்ததாம்.
வண்டிக்கு டியூ, பெண்ணுக்கு ஃபீஸ்,
சீட்டில் மூன்று மருந்து.
மலிவான இரண்டை முழுதாய்க் கொடுத்தேன்.
பத்து மாத்திரை இருநூற்றுப் பதினாலு என்ற மூன்றாவதில்
ஆறு வெட்டினேன்.
தீர்ந்ததும் வாங்க, என்றேன்.

வரவில்லை.
வேறு கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வது
இந்த வேலையில் ஒரு வசதி.

பொங்கல் கழிந்து அவர் மனைவி வந்தாள்.
மொபைல் கவருக்குள் மடித்துவைத்த அட்டைத் துண்டு.
இரண்டு குழி காலி. நாலு மீதி.
"இத்த எட்துக்கினு துட்டு குடுப்பியா?
ஒண்ணுவுட்டு ஒண்ணுன்னு மிச்சம் புடிச்சாரு."

வெட்டிய மருந்து திரும்ப எடுக்கப்படாது.
போர்டு என் தலைக்கு நேர் மேலே.
முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார்.
என் பையிலிருந்து எண்பத்தாறு கொடுத்தேன்.
அவள் மனக்கணக்குப் போட்டாள்,
நாற்பது காசு அதிகம் என்றாள்,
பர்ஸைத் துழாவினாள்.
இருக்கட்டும் என்று சொல்ல
எனக்கு நேரம் பிடித்தது.

அவள் போனபின் டப்பாவைத் திறந்தேன்.
அந்த அட்டையின் மிச்சம் அப்படியே கிடந்தது.
எழுதித் தருகிறார்கள், வாங்கத்தான் ஆளில்லை.
இரண்டு துண்டையும் கண்ணாடிமேல் சேர்த்து வைத்தேன்.
வெட்டிய விளிம்பு பிசகாமல் பொருந்தியது.

தேதி என் பக்கம் இருந்தது.
இன்னும் பதினோரு மாதம்.