வாளையார், மூன்றாம் ராத்திரி

ஆலப்புழையில் வாத்து செத்ததற்கு
வாளையாரில் நாற்பது முட்டை லாரி நிற்கிறது.
என்னுடையது பதினேழாவது.
தொண்ணூறாயிரம் முட்டை, சித்திரைப் புழுக்கம்,
தார்ப்பாய்க்குக் கீழே
ஒரு சத்தமும் இல்லை.

கண்டெய்னர் ஓட்டும் அஷரஃப்
ஷார்ஜாவில் கற்றுவந்த ஆட்டம்.
கையில் ரெண்டு சீட்டு, தரையில் அஞ்சு.
தரையில் முதல் மூன்றும் ஒன்றாகத் திரும்பும்.
கணவாய்க் காற்று பறித்துக்கொண்டு போகாமலிருக்க
சீட்டுக்கட்டின் மேல் ஒரு சக்கர நட்டு.
சோடா மூடி ஒன்றுக்கு ஒரு அட்டை முட்டை.
காசு யாரிடமும் இல்லை,
வர்க்கியைத் தவிர.

வர்க்கி புரோக்கர்.
கஞ்சிக்கோட்டில் குளிரறை வைத்திருக்கிறான்.
சாயங்காலமே விலை சொல்லிவிட்டான்: ரெண்டு எண்பது.
நான் எடுத்தது நாலு அறுபது.
"நாளைக்கு ரெண்டரை" என்று சிரித்தான்,
"மறுநாள் நாறும்."

எனக்கு வந்தது எட்டு ஜோடி.
இஸ்பேட் எட்டு, டைமன் எட்டு.
பெரிய கை இல்லை,
எறியவும் மனசு வராத கை.

எல்லாரையும் போல ரெண்டு மூடி போட்டு
உள்ளே போய்விடலாம். மலிவு.
மலிவென்றால் எல்லாரும் வருவார்கள்.
நெல்லூர்க் கொண்டலு ஒரு ராஜாவை நம்பி வருவான்,
கிளீனர் பரணி எதை வைத்துக்கொண்டும் வருவான்,
வர்க்கிக்கு எப்போதுமே ரெண்டு மூடிதான்.
அஞ்சு பேர் குனிந்து பார்க்க மூன்று சீட்டு திரும்பினால்
அதில் ஒரு ராணியாவது
யாருக்காவது சொந்தக்காரியாக இருப்பாள்.
எட்டு வந்தால் எனக்கு.
எட்டு எட்டுவது எட்டுக்கு ஒரு தரம் என்பான் அஷரஃப்,
அதுவும் சுமாராக.

ஏற்றினால்?
பாதிப் பேர் எழுந்துபோய் பீடி பற்றவைப்பார்கள்.
ஒருத்தன் மிஞ்சுவான்.
ஏன் மிஞ்சினான் என்ற கேள்வியும்
அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும்.

வள்ளியாத்தா சொல்வாள்:
'ஒரு விலை சொன்னா உனக்கு
ஒத்துக்கத் தெரியும், ஒதுங்கத் தெரியும்.
கூடக் கேக்கத் தெரியாது.'
லாரி வாங்கின அன்றைக்குச் சொன்னாள்.
வட்டி பேசின அன்றைக்கும்.
பெண் பார்க்க வந்த என்னைப் பற்றியே
அப்படித்தான் நினைத்தாளாம்.

பத்து மூடியை நகர்த்தினேன்.

கொண்டலு போனான். பரணி போனான்.
அஷரஃப் 'அடேங்கப்பா' என்று போனான்.
வர்க்கி சீட்டைப் பார்க்கவில்லை,
கொஞ்ச நேரம் என் லாரியைப் பார்த்தான்.
பிறகு கவிழ்த்துவிட்டான்.

கிடைத்தது மூன்று மூடி.
தொண்ணூறு முட்டை.
என்னிடம்தான் முட்டையே இல்லாத மாதிரி.

பரணிக்குப் பொறுக்காது.
"இருங்கண்ணா" என்று மூன்றையும் திருப்பினான்.
ஆட்டின் ஆசு.
ராஜா.
கிளாவர் எட்டு.
"நா ராஜு!" என்று கொண்டலு நெற்றியில் அடித்துக்கொண்டான்.
தோற்றவர்கள் எல்லாரும்
ஜெயித்த என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

அதற்கப்புறம் யாருக்கும் ஆட்டம் ஓடவில்லை.
நட்டை எடுத்ததும் ஒரு சீட்டு பறந்து
லாரிக்கு அடியில் போனது. தேடவில்லை.

விடியும்முன்னே வர்க்கி வந்தான்,
பிக்கப் வண்டியும் ரெண்டு ஆளுமாக.
"மூணு பத்து."
பத்து மூடி தள்ளினவனுக்கு
முப்பது பைசா மரியாதை.

"ஏத்து" என்றேன்.

எங்கள் ஊரில் அதற்கு இன்னும் கூட்டு என்று அர்த்தம்.
அவன் ஊரில் ஏற்று என்றால்
ஒப்புக்கொண்டாயிற்று.
என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.
தெரியாமல் குலுக்கினானா
தெரிந்தே குலுக்கினானா.
பின்னால் அவன் ஆட்கள்
கயிற்றின் முதல் முடிச்சில் கை வைத்துவிட்டார்கள்.

என் கை இன்னும் அவன் கைக்குள்தான்.
கேட் பக்கம் ரெண்டு விளக்கு திரும்பியது.
கால்நடை டாக்டரின் ஜீப்போ,
பால் வண்டியோ,
முகம் காட்டாமல் வந்துகொண்டிருந்தது.