கனமே இல்லை

மகாலட்சுமியில் ஸ்டுடியோ. ஆகஸ்ட்.
தகரக் கூரையில் மழை விழுந்தால் ஒலிப்பதிவு நிற்கும்,
நின்றால் டீ வரும்.
நான் மொழிப் பிரிவு.
இந்தியில் வருவதைத் தமிழாக்க வரிக்கு அறுபது ரூபாய்.
ஒரு பையன் "ஆ!" என்று வாய் திறப்பதும் ஒரு வரிதான் என்று
சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன்.

கஜமால்ட் விளம்பரத்துக்கு மூன்று சாம்பியன்கள்.
ஜலந்தரிலிருந்து தடை ஓட்டக்காரர் ஹர்பிந்தர்,
ஹூக்ளியில் நீந்திப் பழகிய பாப்ரி,
வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஞானசௌந்தரி,
அந்த வருடம் பளு தூக்குவதில் தங்கம்.
ரிசர்வேஷன் கிடைக்காமல் உட்கார்ந்தே வந்திருந்தாள்.
கைப்பையில் சீப்பு, பைபிள், ஒரு பொட்டலம் சாக்குப் பொடி.

பாலில் நுரை நிற்கவில்லை என்று
சலவைத் தூள் கலந்தார்கள்.
குடிப்பதுபோல் குடித்து வாளியில் துப்ப வேண்டும்.
துப்பினார்கள்,
குனியும்போது பதக்கம் வாளி விளிம்பில் தட்டிற்று.

அப்புறம் பாரைக் கொண்டுவந்து வைத்தார்கள்.
அவள் பொடி தேய்த்தாள்.
கால் அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி,
கண் மூடி எதையோ சொல்லிக்கொண்டு
அடிவயிற்றிலிருந்து இழுத்தாள்.
பார் எகிறி மேலே தொங்கிய விளக்கை உடைத்தது.

தெர்மக்கோல்.
கறுப்புப் பெயிண்ட் அடித்து ஓரத்தில் 25 என்று எழுதியது.

"இன்னாங்க இது, கனமே இல்லியே?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.
அங்கே வேறு யாருக்கு அது புரியும்?
இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறதென்று கால் வைத்து
அது இல்லாமல் போனவளின் முகம்.

என்ன சொல்கிறாள் என்றார் ரோஹின்டன்.
கனமே இல்லை என்கிறாள், என்றேன்.
வார்த்தை பிசகவில்லை.
"இன்னாங்க இது"வை மட்டும் விட்டேன்,
கேள்விக்குறியும் அதோடு போயிற்று.
அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

பதினோரு மொழியில் ஓடியது.
தமிழில் பிறந்ததை
இந்தியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து
அறுபது ரூபாய் வாங்கினேன்.
தாதர் கூலிகள் மூன்று பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு
அதைச் சொல்லிக் கண்ணடித்தார்கள்.
வாடகை ஏற்ற வந்த வீட்டுக்காரரும் சொன்னார்.
வொர்லி கடலோரம் விடிகாலை நடக்கையில் தோன்றிய வரி என்று
ரோஹின்டன் பத்திரிகைக்குச் சொன்னார்.
அலை, சூரியன் எல்லாம் வைத்து நன்றாகவே சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து எஸ்.டி.டி.யில் ஒரு குரல்.
"ட்ரயல்ஸ்ல வுட்டுட்டேன் மேடம்.
பார்கிட்டப் போறேன், கூட்டத்துல ஒர்த்தன் அதக் கத்துறான்.
எல்லாரும் சிரிக்கிறாங்க.
எனக்கும் சிரிப்பு வந்துடுச்சி."
பின்னால் மீட்டர் டிக் டிக்கென்று ஓடியது.
"அன்னிக்கி நான் கேட்டனே,
அதுக்கு அவங்க இன்னா சொன்னாங்க?"

கைதட்டினார்கள் என்று சொல்லியிருக்கலாம்.
லைன் சரியில்லை என்றேன்.

அந்த 25 இப்போதும் என் பரண்மேல் இருக்கிறது.
மழைக்காலத்தில் பெயிண்ட் உரிந்து
வெள்ளை மணிமணியாய் அறையெங்கும் உதிர்கிறது.
துடைப்பத்துக்கு அடங்குவதில்லை,
ஓங்க ஓங்கப் பறக்கிறது.
ஈரத்துணியோடு
முழங்காலிட்டுத்தான் ஒவ்வொன்றாய் எடுக்கிறேன்.