தலை என்று ஒட்டிய சீட்டு

கோத்தகிரிப் பள்ளிக் கண்காட்சிக்கு
மைதாவைப் பிசைந்து உருட்டி
ஊசிக்களா முள் பதினான்கைச் செருகி
ஹலூசிஜீனியாவை நிற்க வைத்திருந்தாள்
ஒன்பதாம் வகுப்பு பெல்சியா.
முள்தான் கால்.
முதுகில் ஆடுவது கை, ஏழு.
ஒரு முனையில் உருண்டை.
அதில் ‘தலை’ என்று சீட்டு.

நூலகப் புத்தகம் பழையது.
ஐம்பது கோடி வருடம் சேற்றில் கிடந்து
கல்லாகிப்போனதை
மனிதர்கள் முதலில் இப்படித்தான் நிறுத்தினார்கள்,
கவிழ்த்து,
முன்பின் மாற்றி.
தலை என்று நம்பியது
நசுங்கியபோது உடம்பு கக்கிய கறை.

சொல்லலாமா வேண்டாமா என்று நான் நிற்க
சன்னல் வழியே மேகம் உள்ளே வந்தது.
மைதா நமுத்தது.
முட்கள் ஒவ்வொன்றாய் இளக
ஒருக்களித்து,
பிறகு மல்லாந்து,
முட்கள் வானம் பார்க்க
அது தானாகவே சரியானது.

“விழுந்துருச்சு மிஸ்.”

நடுவர் எரிமலைப் பக்கம் போய்விட்டார்.

நிமிர்த்தப்போன கையைப் பிடித்துக்கொண்டேன்.
சீட்டை உரித்தெடுத்தேன்.
“அப்போ தலை எங்க மிஸ்?”

மறுமுனையைப் பார்த்தோம்.
முள் குத்தும்போது அழுத்திப் பிடித்திருக்கிறாள்;
அவளுடைய விரல் நுனிகள் இரண்டு
அங்கே பதிந்திருந்தன,
கண் வைக்க
இடம் விட்டதுபோல.