ஏழாம் பத்தி

ஜெனீவாவில் வடகிழக்கிலிருந்து அடிக்கும் குளிர்காற்றுக்குப்
பீஸ் என்று பெயர்.
சமாதானத்தின் ஆங்கிலச் சொல்லையும்
தமிழில் அப்படித்தான் எழுதுகிறோம்,
கேக் துண்டையும்,
வக்கீலுக்குக் கட்டுவதையும்.
பெப்ரவரியில் ஏரிக்கரை விளக்குக் கம்பங்களில்
அலை உறைந்து தாடியாய்த் தொங்கும்.
எந்தப் பீஸ் என்று ஒருவரும் கேட்பதில்லை,
தொப்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு மணிக்கணக்கில் கூலி.
'உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பு அல்ல' என்று
ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நானே அடிக்க வேண்டும்.

ஏழாம் பத்தி ஒன்றரை வரி.
படைகள் பகுதிகளிலிருந்து விலகும்.
எல்லாப் பகுதிகளா, சில பகுதிகளா?
ஆங்கிலத்தில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று
இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.
பதினொரு நாள் பேசிப் பேசிச்
செதுக்கி எடுத்த இன்மை அது.
எதிர்மேசை ஒடில் பெர்ரனூ பேனாவைக் கடித்தாள்:
பிரெஞ்சில் அந்த இடத்தைச் சும்மா விட முடியாது,
ஏதாவது வைத்தாக வேண்டும்.
வைத்தாள்.
ஒரு தரப்புக்கு ஒரு குன்று கிடைத்தது,
மறு தரப்பு கதவை அறைந்துவிட்டு வெளியே போனது.
எனக்கு ஒரு வில்லங்கமும் இல்லை.
பகுதிகளிலிருந்து.
அந்தச் சொல்லைத் தமிழ் ஒருநாளும் வைத்திருந்ததில்லை.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
போய்க் காப்பி வாங்கி வந்தேன்.

மிச்ச அரைவரி ஆறிய காப்பியோடு காத்திருந்தது.
இறந்தவர்களை எண்ண வேண்டும் என்கிறது.
யாருடைய இறந்தவர்கள்?
ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழில் எழுதினால் 'அவர்':
தள்ளி நிற்கும் வேறு யாரோ.

நம் இறந்தோர் என்றால்
இரு தரப்பும் ஒரே குழியருகே வந்து நிற்க வேண்டும்.
எம் இறந்தோர் என்றால்
அவரவர் குழிக்கு அவரவர் வேலி.
பேச்சில் என்றால் 'எங்கட' என்று சொல்லித் தப்பியிருப்பேன்,
எங்கட சனம் என்றால் ஆர் எவர் என்று பிரிப்பதில்லை.
தீர்மானத்தில் 'எங்கட' எழுத முடியாது.
எழுதும் தமிழோ
எதிரில் நிற்பவனைச் சேர்த்தா, விலக்கியா என்று
முதலில் சொல், பிறகு பேசு என்கிறது.

பின்னேரத்துக்குள் வரைவு எப்படியோ கசிந்துவிட்டது.
பேர்ணிலிருந்து குகதாசன்:
"தங்கச்சி, நம் எண்டு போட்டால்
என்ர பெடியனை அவங்கட பெடியனோட
ஒரே பாயில வளர்த்துறாய்."
வைத்த கையோடு இன்னொரு அழைப்பு,
பெயர் சொல்லவில்லை:
"எம் எண்டு போட்டால்
தோண்டேக்க அவங்கள் வரமாட்டாங்கள் அக்கா.
இடம் அவங்களுக்குத்தானே தெரியும்."

சட்ட ஆலோசகர் சுர்ஃப்லூ கண்ணாடியைத் துடைத்தார்:
"தெளிவாக எழுதியிருந்தால்
ஒரு கையெழுத்தும் விழுந்திருக்காது அம்மணி."
அவருக்கு ஐந்தரைக்கு நீச்சல்.

ஒன்பது மணிக்கு நம்.
ஒன்பதரைக்கு எம்.
ஒரே ஒரு எழுத்துத்தான், விரல் வலிக்கிறது.
இறந்தோர் என்ற சொல்லில்
என் அண்ணன் இருக்கிறானா என்று
நான் யாரிடமும் கேட்கவில்லை.
அம்மா இன்னும் அவனுக்குச் செல்போன் கட்டணம் கட்டுகிறாள்.

பத்துக்கு, நம் என்று வைத்து,
எம் எனவும் கொள்ளலாம் என அடிக்குறிப்பிட்டு
அனுப்பிவிட்டேன்.
நாளைக்கு அடிக்குறிப்பை மட்டும் வாசிப்பார்கள்.

வெளியே பீஸ்.
நாசியோன் தரிப்பில் ட்ராம் கதவு திறந்தபடி.
சாரதி சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு
யாரையும் பார்க்காமல்
"ஓன் ஈ வா" என்றான்.
போவோம்,
அல்லது, நாங்கள் போகிறோம்.
பிரெஞ்சில் அந்த 'ஓன்' யாராகவும் இருக்கலாம்.
தரிப்பில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.
ஒரு காலைப் படியில் வைத்து
அவன் முகத்தைப் பார்த்தேன்.