ஐந்து மைக்ரான்

மெழுகில் புதைந்த அசையிரைப்பையை
ஐந்து மைக்ரான் கனத்தில் சீவுகிறேன்.
வெந்நீரில் மிதக்கிறது; மூச்சு பட்டால் சுருங்கிவிடும்.
வெளியே கோவ்து நகரம் மைனஸ் முப்பத்தெட்டில்.

ஊதாவில் உட்கருக்கள், இளஞ்சிவப்பில் தசை.
கோடையில் அறுத்த ஆடென்றால்
இந்தக் காம்புகள்
நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும்.
இதில் அரிதாள்போலக் கட்டை கட்டையாக.

சிறுகுடலிலும் அப்படித்தான்.
குடலுறிஞ்சிகள் மழுங்கி
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்க
கோப்பைச் செல்கள் மட்டும்
சளி நிரப்பி வைத்திருக்கின்றன,
விருந்தாளி வரப்போவதுபோல.

நூற்றுப் பன்னிரண்டு ஆடு போயிற்று,
விஷமா நோயா பார்த்துச் சொல்
என்று எழுதியிருந்தான் லுவ்சாந்தோர்ஜ்.
போன வருஷம் இப்படியொரு பையில்தான்
வெண்ணெய் அடைத்துக் கொடுத்தனுப்பினான்.

மடிப்புக்குள் புல்லின் தோல், ஒரே ஒரு துணுக்கு.
இலைத்துளைகள் இரண்டு
திறந்தபடியே.
நாற்பது மடங்கில் பார்த்தேன்,
நானூறில் பார்த்தேன்.
வேறொன்றும் இல்லை.

படிவத்தில் 'காரணம்' என்று சின்னதாக ஒரு கட்டம்.
பட்டினி என்று எழுதினால் நஷ்டஈடு உண்டா
என்று துலம்சுரேனிடம் கேட்டேன்.
அவள் சாயக்கை கழுவிக்கொண்டிருந்தாள்.
தண்ணீர் நெடுநேரம்
இளஞ்சிவப்பாகவே ஓடியது.