முப்பது செக்கன்

வெள்ளவத்தைத் தண்டவாளத்துக்கு அப்பால்
கருங்கல் அணையில்
மூன்று கால்களுக்கும் இடம் தேடினேன்.
ஒன்று பாசியில் வழுக்கியது,
அதை மட்டும் அரையடி குறைத்தேன்.
காற்றுக்கு ஆடாமலிருக்க
நடுக்கொளுக்கியில் தொங்குகிறது
வீட்டுக்கு வாங்கிய இரண்டு கிலோ வெங்காயம்.

கமரா திறந்தது.
நான் ஏன் மூச்சைப் பிடிக்கிறேன்,
அதைத் தொடவேயில்லையே.

அலையலையாய் வந்த கடல்
பெட்டிக்குள் புகையாகிக்கொண்டிருக்கையில்
டோர்ச் லைட்டோடு பாறைகளின் குறுக்கே
ஒரு பொலிஸ்காரர்.
இந்த நேரத்தில் என்ன வேலை,
யாருக்காக எடுக்கிறாய்,
அடையாள அட்டை.
பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார்.
பிறந்த இடத்தில் கொஞ்சம் நின்றார்.

பிறகு திரையை எட்டிப் பார்த்தார்.
கடல் இல்லை, பனி.
தூரத்தில் துறைமுக நகரின் செம்மஞ்சள்.
நடுவே நெளிந்து போகும் வெள்ளைக் கோடு.

"இதில் நான் எங்கே?"
"அந்தக் கோடு உங்கள் டோர்ச், சேர்."

சிரிக்கவில்லை.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு
பாறையில் போய் நின்றார்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
அசையக்கூடாது என்றேன், என் சிங்களத்தில்.
அசையவில்லை.
பொலிஸ்காரர் ஒருவரை இவ்வளவு நேரம்
நான் நேராகப் பார்த்ததேயில்லை.

இருபத்திரண்டாவது செக்கனில்
மருதானைக் கோச்சி.
கல் அதிர்ந்தது. மூன்று கால்களும் அதிர்ந்தன.
வெங்காயம் ஊஞ்சலாடிற்று.

படத்தில் இரண்டு விதானகே,
இருவருக்கும் ஊடாகக் கடல் தெரிகிறது.

இன்னொருதரம் எடுப்போம் என்று
திரும்பவும் பாறைக்குப் போகிறார்.
என் அடையாள அட்டை
இன்னும் அவர் சட்டைப் பையில்.