பின் இடது

முதல் பனி விழும் என்று வானொலி சொன்ன கிழமையில்தான்
கேதீஸ் சொன்னான்.
ஸ்காபரோவில் ரயர் கடை வைத்திருப்பவனுக்கு
நவம்பர் ஒரு மாதமல்ல,
வாசலில் நிற்கிற முப்பது கார்.

ஏயர் கன்னைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.
கையுறையையும் கழற்றியிருந்தான்.
அதிலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.
"அண்ணை, பஸ் டிப்போவிலை கேட்டிருந்தனான். சரிவரும் போலை.
உங்களிட்டை விசாரிப்பினம்.
ரெண்டு கிழமை நிண்டுதான் போவன்."

மணிக்கு இரண்டு டொலர் கூட்டித் தாறன் என்றேன்.
ஒன்பது வருடமாய் அந்த இரண்டு டொலர்
எங்கே கிடந்தது என்று அவன் கேட்கவில்லை.
"மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போடவேணும்.
அங்கை பல்லுக்கும் காப்புறுதி இருக்கு."

ஒரு சின்னப்பிள்ளையின் பல்லோடு
நான் எப்படிப் போட்டி போடுவது?

இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை.
கோப்பி வாங்கப் போய்
எனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.
இரவு மனைவியிடம், தொழில் பழக்கிவிட்டது நான்தானே என்றேன்.
அவள் கணக்குக் கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.
"மாசியிலை நாரி பிடிச்சு நீங்கள் படுத்த பதினெட்டு நாளும்
கடையைத் திறந்தது ஆர்?"

மூன்றாம் நாள் தொலைபேசியில் ஒரு பெண்.
தணிந்த குரல், பின்னணியில் தட்டச்சுச் சத்தம்.
நேரத்துக்கு வருவாரா?
பாதுகாப்பு விதிகளை மதிப்பாரா?
கடைசியாக ஒன்று:
சந்தர்ப்பம் கிடைத்தால் இவரை
மறுபடியும் வேலைக்கு எடுப்பீர்களா?

ஒரு தயக்கம் போதும்.
தொண்டையை ஒருமுறை செருமினால் போதும்,
என் நவம்பர் தப்பிவிடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் குந்தியிருந்து
மெஷின் இறுக்கிய நட்டுகளை
ஒவ்வொன்றாய்க் கையால் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தான்,
அது யாருடைய கார் என்றுகூட எனக்குத் தெரியாது.

"இண்டைக்கே எடுப்பன்" என்றேன்.
என் ஆங்கிலத்தில் அது எப்படிக் கேட்டதோ,
அவள் சிரித்தாள்.

கடைசி வெள்ளிக்கிழமை
கடித உறைக்குள் அறுநூறு வைத்தேன்,
எடுத்தேன்,
ஆயிரமாக்கி வைத்தேன்.
நன்றி சொல்ல வாய் எடுத்தபோது
கொம்பிரசர் போட்டுவிட்டது.
அவன் தலையாட்டினான்.
கேட்டதா என்று தெரியாது.

திங்கள் காலை, பின்னால் நிற்கும் கொண்டெய்னரைத் திறந்தேன்.
இருநூற்றுப் பத்துச் செற் ரயர்,
ஒவ்வொன்றிலும் மஞ்சள் ரேப், கோழி கிளறின எழுத்து.
"நீலச் சிவிக். நாய் அன்ரி."
"சிவராசா மாஸ்டர். விலையை முதலே சொல்லு, ரெண்டுதரம் சொல்லு."
"ஜமேக்கா ஐயா. பூட்டு நட்டின்ரை திறப்பு சீற்றுக்குக் கீழை."
"இவ இரவு வேலை. இருட்ட முதல் முடிச்சு அனுப்பு."
கணினியில் நான் ஏற்றி வைத்திருந்த பட்டியலில்
அளவு இருந்தது, வாடகை இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில், மூலையில்,
என்னுடைய வானின் நான்கு.
சித்திரை மாதத் திகதி போட்டிருந்தான்.
"அண்ணை. பின் இடது தேஞ்சுபோச்சு.
மூண்டுதரம் சொல்லியாச்சு. கேக்கமாட்டார்."

வெளியே பனி நிலத்தில் ஒட்டத் தொடங்கியிருந்தது.
புதுப் பெடியன் ஓடி வந்து
"நாய் அன்ரி எண்டால் ஆர்?" என்றான்.
வருவா, வந்தால் தெரியும் என்றேன்.
நட்டைக் கையாலும் ஒருக்கால் பார் என்றேன்.
அவன் மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

என் வானுக்கு இன்னும் மாற்றவில்லை.
வாசலில் பதினேழு கார்.